அந்தக் கலியாணப் படத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பது நான்தான்

தோழியின் கலியாண அல்பம் போன மாதம்தான் கைக்கு வந்தது. அதில் நாங்கள் ஆறு பேர் மணமக்களோடு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் மனிதர் நிறத்தில் இருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி, முகத்தில் அடுப்புச் சாம்பல் பூசின மாதிரி, கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறை, கழுத்து மட்டும் சொந்த நிறம். அது நான்தான். அந்தப் படம் எடுக்கும்போது என் இடது கண் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் விடிய இரண்டு கண்ணும் பணிஸ் மாதிரி வீங்கிச் சரியாகத் திறக்கவே இல்லை. அல்பத்தைப் பார்த்த தங்கச்சிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த வாரம் நான் பட்ட பாட்டை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

ஊர் திருகோணமலை. வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ஆறு வருசம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக ஒரு சின்ன அனெக்ஸ், வேலை கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்கு அலுவலகத்தில். அதுவரைக்கும் என் மேக்கப் என்றால் பௌடர், கண்மை, ஒட்டுப்பொட்டு. கலியாண வீட்டுக்குப் போனால் மெல்லிய ரோஸ் லிப்ஸ்டிக், அதையும் சாப்பிட முன்னமே துடைத்துவிடுவேன். இருபத்தெட்டு வயசில் திடீரென்று ஆசை வந்தது. மஜெந்தா நிற இமை, வால் நீட்டின ஐலைனர், ஒட்டு லாஷ் என்கிற செயற்கை இமைமுடி, கடும் சிவப்பு உதடு. போனில் ஒரு பெண் எட்டு நிமிடத்தில் செய்து காட்டினாள். அவளுடைய அறையில் ஏசி ஓடுகிறது, முகத்துக்கு நேரே வட்ட லைட் எரிகிறது, பிடிக்காத இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்பதெல்லாம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. தோழியின் ரிசெப்ஷன் வைகாசியில். கையில் மூன்று கிழமை இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

முதலாவது பிழை ஃபவுண்டேஷன், முகம் முழுக்கப் பூசுகிற தோல் நிறப் பூச்சு. பம்பலப்பிட்டியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். சேல்ஸ் பிள்ளை என் புறங்கையில் மூன்று கோடு இழுத்துவிட்டு, "அக்கா, ஃபங்ஷனுக்குத்தானே, ஒரு ஷேட் வெளிச்சமா எடுங்க, படத்தில வடிவா இருக்கும்" என்றாள். மஞ்சள் லைட்டில் எல்லாமே வடிவாகத்தான் இருந்தது. 6,900 ரூபாய். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு ஷேட் வெள்ளை என்றதும் எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். சின்ன வயசில் இருந்து "கறுப்பென்றாலும் களையான பிள்ளை" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தொடும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் மாநிறத்துக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் மஞ்சள் அல்லது செம்பொன் சாயல். அதற்கு மேல் ரோஸ் சாயலுள்ள வெளிர் ஃபவுண்டேஷனைப் பூசினால் வெள்ளையாக வராது, சாம்பலாகத்தான் வரும். ரிசெப்ஷனில் மாப்பிள்ளையின் மாமி ஒருவர் என் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அந்த இரவு முழுக்க நடந்ததில் அதுதான் எனக்கு ஆகக் கூச்சம்.

இப்போது நான் செய்வது இதுதான். தாடை எலும்புக்கு மேல், கழுத்தையும் தொடுகிற மாதிரி இரண்டு மூன்று ஷேட் கோடு போடுவேன். அதோடு கடையை விட்டு வெளியே வந்து காலி வீதியில் பகல் வெளிச்சத்தில் நின்று போன் கமராவில் பார்ப்பேன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பப் பார்ப்பேன், ஏனென்றால் சில ஃபவுண்டேஷன் காற்றும் முகத்து எண்ணெயும் பட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில் ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். "முதல் வாங்குங்க, பிறகு பாருங்க" என்று சொல்லுகிற கடையில் வாங்கத் தேவையில்லை. டெஸ்டரை உதட்டிலும் கண்ணிலும் வைக்காதீர்கள், எத்தனை பேர் தொட்டது என்று தெரியாது.

கண்ணுக்குக் கீழே இருந்த வெள்ளைப் பிறைக்குக் காரணம் வேறு. கண்ணுக்குக் கீழ்க் கருமையை மறைக்கப் பூசுகிற கன்சீலர் அசையாமல் இருக்க 2,800 ரூபாய்க்கு வாங்கின நிறமில்லாத பௌடர். கண்ணாடியில் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் அந்த மாதிரிப் பௌடர்களில் சிலிக்கா இருக்கிறது, ஃபிளாஷ் அடித்ததும் அது வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். சன்ஸ்கிரீனில் வரும் சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட்டுக்கும் இதே குணம் உண்டு. எங்கள் கலியாண வீடுகளில் ஃபிளாஷ் அடிக்காத நிமிடம் எது? வெளிக்கிட முன்னம் அறை லைட்டை அணைத்துவிட்டு, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த அல்பம் தப்பியிருக்கும்.

இனி மஜெந்தா. 3,200 ரூபாய்க்கு ஐஷேடோ பெட்டி ஒன்று, பதினெட்டு நிறம், பெரிய பெயர் ஒன்றின் நகல் என்று இப்போது தெரிகிறது. ரிசெப்ஷன் முடிந்து கழுவினேன், போகவில்லை. இன்னொரு தரம் கழுவினேன். தூள் போய்விட்டது, நிறம் மட்டும் தோலில் தங்கிவிட்டது. யாரோ இரண்டு கண்ணிலும் குத்தின மாதிரி ரோஸ் கறை இரண்டு நாளைக்கு நின்றது. பிறகு பெட்டியின் பின்பக்கத்தைப் போன் டோர்ச் வெளிச்சத்தில், விரலால் எழுத்தை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வாசித்தேன். எறும்பளவு எழுத்தில் இருந்தது: குறித்த சில நிறங்கள் கண்ணுக்கு அண்மையில் பாவிப்பதற்கல்ல. கண்ணுக்குப் பூசுகிற பெட்டியிலேயே கண்ணுக்குப் பூசாதே என்று போட்டிருக்கிறார்கள்! பிறகு தேடிப் பார்த்ததில், பிரகாசமான ரோஸ், சிவப்பு, ஊதா நிறங்களுக்குப் போடும் சில சாயங்களைக் கண் பகுதியில் பாவிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிப்பதில்லை என்று தெரிந்தது. அதனால் நல்ல கம்பனிகள்கூட அந்த எச்சரிக்கையை அச்சடிப்பதுண்டு. துணிச்சலான நிறம் வேண்டும் என்று நாங்கள் முதலில் கை வைப்பதே இந்த நிறங்களில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடும் பச்சை, செப்பு, கருநீலம், வெண்கலம் பக்கம் போங்கள். எங்கள் நிறத்துக்கு அவை மஜெந்தாவை விட அழகாகவும் எடுக்கும். இல்லை, மஜெந்தாதான் வேண்டும் என்றால் ஐஷேடோவுக்கு முன்னம் இமையில் பூசுகிற ஐ பிரைமரோ கன்சீலரோ ஒரு படை அடியில் பூசுங்கள். பெட்டியின் பின்பக்கத்தைக் காசு கொடுக்க முன்னம் படியுங்கள்.

ஐலைனரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இடது வால் கொஞ்சம் மேலே போனது, வலதைச் சரிப்படுத்தினேன். வலது தடித்தது, இடதைத் தடிப்பாக்கினேன். அரை மணித்தியாலத்தில் இரண்டும் காக்கைச் சிறகு. பிறகு கண்டுபிடித்த வழி: கண்ணை மூடிக் கீறாமல், நேரே கண்ணாடியைப் பார்த்தபடி, வால் முடிய வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் முதலில் ஒரு புள்ளி. பிறகு மண்ணிற ஐஷேடோவைச் சரிவான பிரஷில் தொட்டுக் கோடு. பிழைத்தால் துடைக்கலாம். கை பழகின பிறகு கறுப்புத் திரவம். பழகுவதற்கு நல்ல நேரம் இரவு, முகம் கழுவ முன்னம். பிழைத்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

உண்மையான ஆபத்து லாஷில்தான் வந்தது. லாஷும் கம்மும் சேர்ந்து 1,200 ரூபாய். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை. வாங்கின அன்றிரவே ஒட்டிப் பார்த்தேன், ஒரு மணித்தியாலம் வைத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் தைரியம் வந்தது. ரிசெப்ஷன் அன்று அந்தரத்தில், கம் பூசி முப்பது நாற்பது செக்கன் பொறுத்துப் பசைப்பிடித்த பிறகு ஒட்டாமல், ஈரத்தோடே ஒட்டினேன். ஒரு துளி உள்ளே போனது. கண்ணீர் ஓடியது, லேஞ்சியால் ஒற்றிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். ஹோலுக்குள் ஏசி என்றாலும் வாசலில் வரவேற்பில் நின்ற அரை மணித்தியாலம் கடல்காற்றும் புழுக்கமும் சேர்ந்து எல்லாம் பிசுபிசுத்தது. எட்டு மணிக்கு இடது லாஷின் மூலை கழன்று பூரான் கால் மாதிரி எழும்பி நின்றது. சாப்பாட்டு வரிசையில் நின்றபடி விரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். அப்போதே பாத்ரூமுக்குப் போய்க் கழற்றி எறிந்திருக்கலாம். குரூப் படம் இன்னும் எடுக்கவில்லையே என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து கழற்றின விதம் அதைவிட மோசம். இழுத்தேன். சொந்த இமைமுடியும் ஏழெட்டு வந்தது. ஐலைனர் தண்ணீருக்கு அசையாத வகை, நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், துவாயால் தேய்த்தேன், ஈர டிஷ்யூவால் தேய்த்தேன். தண்ணீருக்கு அசையாதது எண்ணெய்க்கு அசையும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். பஞ்சில் எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரை நனைத்து, மூடின இமையில் அரை நிமிடம் சும்மா வைத்திருந்தால் கம்மும் இளகும், மையும் இளகும். தேய்க்கவே தேவையில்லை. உடம்பிலேயே ஆக மெல்லிய தோல் கண் இமையில்தான் இருக்கிறது. அதை நான் சட்டிக்கரி மாதிரி உரசினேன்.

விடிய நாலு மணிக்குக் கடியும், அதாவது அரிப்பும், எரிவும் தாங்க முடியாமல் எழும்பினேன். கண்ணாடியில் யாரோ நிற்கிறார்கள். இமை இரண்டும் பளபளவென்று, ஓரமெல்லாம் செதில். பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் பாத்ரூம் தரையில் இருந்து அழுதேன். அழ அழ எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீடியோ கோல் எடுப்பா. "நெட் சரியில்லை அம்மா" என்று கமராவை மூடிவிட்டுக் கதைத்தேன். பிரிட்ஜில் இருந்த குளிர் தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து வைத்தது கொஞ்சம் ஆறுதல். பிழையாகச் செய்யப் பார்த்தது ஒன்றும் உண்டு. போன வருசம் கைக் கடிக்கு வாங்கின ஸ்டீரோய்ட் கிரீம் ரியூப் மிச்சம் இருந்தது. பூசக் கை போனது. நல்ல வேளை, காலாவதித் திகதி முடிந்திருந்தது.

திங்கள் காலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போனேன். ஞாயிறே போயிருக்கலாம், வெட்கத்தில் போகவில்லை. வரிசை நீளம், ஆனால் காசு ஒரு சதமும் இல்லை. இளம் பெண் டொக்டர் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். விழியில் காயம் இல்லை என்றார். மூச்சு வந்தது. பிறகு சிங்களத்தில் கேட்டார், ஒட்டுப்பொட்டு வைக்கிற இடத்தில் எப்போதாவது கடி வந்திருக்கிறதா? பலூன் ஊதினால், ரப்பர் கையுறை போட்டால்? கவரிங் தோட்டுக்குக் காது புண்படுமா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் பொட்டு வைத்த இடம் அரித்து, சின்ன வட்டமாக வெளிறிப்போய், அம்மா ஒரு வருசம் சாந்துப் பொட்டு மட்டும்தான் வைக்கவிட்டா. லாஷ் கம்முக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று எந்த மூளை நினைக்கும்? பொட்டின் பசையும் லாஷ் கம்மும் ஒரே சாமான் இல்லை, ஆனால் பசைக்குக் குழம்பிய தோல் இன்னொரு பசைக்கும் குழம்பலாம், லாஷ் கம்மில் சில வகை ரப்பர் பால் கலந்தது என்று விளக்கினார்.

முதல் நாள் ஒட்டினபோது ஒன்றும் வரவில்லையே என்று கேட்டேன். எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது அவர் சொன்ன இந்தப் பதிலைத்தான். இந்த வகை ஒவ்வாமையில் முதல் தரம் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் மட்டும் கண்டுகொள்ளும், வெளியில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து நாள் எடுக்கும். அடுத்த தரம் அதே பொருள் பட்டால்தான் சண்டை, அதுவும் உடனே இல்லை, சில மணித்தியாலமோ இரண்டு மூன்று நாளோ கழித்து. ஒரு மணித்தியாலம் ஒட்டிப் பார்த்து "எனக்கு ஒத்துப்போகிறது" என்று முடிவெடுத்தது சோதனையே இல்லை. முழங்கையின் உள்மடிப்பில் அல்லது காதுக்குப் பின்னால் துளியளவு வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் முழங்கையில் கடிப்பது கண்ணில் கடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஸ்டீரோய்ட் கிரீம் பற்றியும் நானாகவே கேட்டேன். கண்ணைச் சுற்றி அவற்றைத் தன்னிஷ்டத்துக்குப் பூசினால் கண் அழுத்தம் கூடும், வெண்புரை வரலாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அவர் தந்த மருந்தை எத்தனை நாள் என்று எண்ணித்தான் தந்தார்.

கணக்குப் பார்க்கிறவள் என்பதால் கணக்கும் வைத்திருக்கிறேன். ஃபவுண்டேஷன் 6,900, ஐஷேடோ 3,200, பௌடர் 2,800, லிப்ஸ்டிக் 1,950, ஐலைனர் 1,450, லாஷ் 1,200. சாமானுக்கு மட்டும் 17,500. ஓட்டோவுக்கு 900, வெளியே ஃபார்மசியில் வாங்கின மருந்துக்கு 1,150. மொத்தம் 19,550 ரூபாய். மூன்று நாள் லீவு வேறு, மேலதிகாரிக்குக் கண்நோய் என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. இதில் இன்றைக்கும் பாவனையில் இருப்பது லிப்ஸ்டிக் ஒன்றுதான். லாஷ் வாங்கின கடைக்குத் திரும்பிப் போனேன். பில் இருக்கா என்றார்கள். பில் தந்தால்தானே இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இறக்குமதி செய்தவரின் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. அப்படிப்பட்ட சாமானை முகத்துக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான். பில் கேட்டு வாங்குங்கள், பெட்டியை எறிய முன்னம் படம் எடுத்து வையுங்கள். கையில் ஏதாவது இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. பெட்டியில் திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னமும் அதற்குள் 6, 12 என்று இலக்கமும் இருக்கும். திறந்ததில் இருந்து அத்தனை மாதம்தான் என்று அர்த்தம். மஸ்காராவுக்கு மூன்று மாதம் போதும்.

இரண்டு மாதம் கண்ணில் ஒன்றும் தொடவில்லை. கண்மைகூட இல்லை. அலுவலகத்தில் "ஏன் களைச்சுப்போய் இருக்கிறீங்க" என்று கேட்டார்கள், கேட்கட்டும். பிறகு ஒரு சனிக்கிழமை, அந்த 1,950 ரூபாய்க் கடும் சிவப்பை எடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை, முகத்தில் மொயிஸ்சரைசர் மட்டும். உதட்டோரத்தை அதே நிறப் பென்சிலால் கீறி, உள்ளே பூசி, டிஷ்யூவை உதடுகளுக்கு நடுவில் அழுத்தி எடுத்து, இன்னொரு மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒரே தரம் பூசினால்தான் பல்லில் ஒட்டும், மூலையில் சேரும். கண்ணாடியில் பார்க்க எனக்கே யாரோ மாதிரி இருந்தது, துடைக்கக் கை போனது. துடைக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன்.

படியிறங்கும்போது வீட்டுக்கார அன்ரி நிமிர்ந்து பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை. காலி வீதியைக் கடக்கும்போது எல்லா பஸ்ஸும் என் உதட்டையே பார்க்கிற மாதிரி இருந்தது. மீன்காரர் என் முகத்தை ஒரு செக்கன் பார்த்தார். "தங்கச்சி, பாரை இண்டைக்கு நல்ல பச்சை, வெட்டவா முழுசாவா?" என்று கேட்டார். வெட்டச் சொன்னேன். தலை வேண்டுமா என்றும் கேட்டார்.